உண்மைக் கடனும் உரிய நாளும்

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா நதியின் கரையில், காணிப்பாக்கம் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட விநாயகர் மூர்த்தத்தைப் பற்றியும், அக்கிணற்று நீர் பெருகி ஒரு காணி நிலத்தில் பாய்ந்ததால் ஊருக்கு ஏற்பட்ட பெயரைப் பற்றியும் கூறும் தலவரலாற்றைத் திருப்பதி யாத்திரை செல்லும் தமிழர் பலர் கேட்டிருக்கக்கூடும். அத்தலத்திற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது சத்தியத்தின் தலம். கொடுக்கல் வாங்கலிலோ களவுக் குற்றச்சாட்டிலோ இருவரிடையே வழக்கு மூண்டால், "காணிப்பாக்கத்திற்கு வந்து சத்தியம் செய்" என்று அழைப்பது அந்த வட்டாரத்து வழக்கம். திருக்குளத்தில் நீராடி, ஈர உடையுடன் சந்நிதியில் நின்று பொய் சொல்ல எவரும் துணியார் என்பது மக்களின் நம்பிக்கை. எழுத்தும் சாட்சியும் இல்லாத எத்தனையோ கடன்கள் அச்சந்நிதியில் தீர்ந்திருப்பதாகச் சொல்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், நான் அக்கோயிலுக்குச் சென்றிருந்தேன். குளக்கரைப் படியில் ஒருவர் தனியே அமர்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்ததில் தமிழர் என்று தெரிந்தது. சொந்த ஊர் குடியாத்தம். சித்தூருக்கு அருகே மாம்பழக்கூழ் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் 22 ஆண்டுகள் ஃபிட்டராக உழைத்தவர். கம்பெனி கடனில் மூழ்கி, 7 மாதச் சம்பளம் பாக்கி நின்றுவிட்டது.

"முதலாளியை இங்கே அழைத்து வந்து, பாக்கி இல்லையென்று சத்தியம் செய்யச் சொல்லலாம் என்று பார்க்கிறேன் சார். ஆனால் அவரோ, கம்பெனி இப்போது என் கையில் இல்லை, கோர்ட்டு போட்ட ஆபீசர் கையில் இருக்கிறது என்கிறார். கம்பெனியை எப்படி சார் குளத்தில் முழுக வைப்பது?" என்று அவர் கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை, கண்கலங்கிக் கேட்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தெலுங்குப் பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். தெலுங்கு சரளமாகப் பேசுவார், படிக்க வராது. "கம்பெனி பேர் போட்டிருக்கிறதென்று டீக்கடைக்காரர் கிழித்துக் கொடுத்தார். ஏதோ ஏல நோட்டீசாக இருக்கும்" என்றார். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக ஊழியம் செய்பவன், வழக்கறிஞன் அல்லன். எனினும் அறிவிப்புகளைப் படிப்பதே என் தொழிலாதலால் அதனைப் படித்தேன். அது ஏல அறிவிப்பு அன்று. கம்பெனியிடமிருந்து தொகை வரவேண்டியவர்கள் யாவரும் இன்ன தேதிக்குள் தத்தம் உரிமையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்னும் பொது அறிவிப்பு. அந்தத் தேதி கடந்து 3 வாரங்கள் ஆகியிருந்தன.

இந்த அறிவிப்பின் பொருள் என்ன, அதில் குறித்த தேதிக்கு எவ்வளவு வலிமை, அது கடந்துவிட்டால் வழியுண்டா என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி மிகவும் வேண்டப்படுவது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அறிவிப்பில் ஆங்கிலத்தில் "கிளெய்ம்" என்று வருவதைத் தமிழில் பலர் "கோரிக்கை" என்று எழுதுகிறார்கள். கோரிக்கை என்றவுடன், நாம் ஏதோ தயவை வேண்டி விண்ணப்பிக்கிறோம் என்ற எண்ணம் உண்டாகிறது. "நம் மனுவை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று தொழிலாளி சோர்ந்து இருந்துவிடுகிறார். உண்மையில் அது வேண்டுகோள் அன்று, உரிமைக் கோரல். உழைத்த கூலியும், கொடுத்த சரக்கின் விலையும் நமக்குச் சேர வேண்டியவை என்று சட்டத்தின்முன் எடுத்துரைப்பது. உரிமையாயினும் அதற்கு ஒரு காலவரை உண்டு.

இனி, சட்டத்தின் போக்கைக் காண்போம். நம் நாட்டில் கம்பெனிகளின் கடன் முறிவைப் பற்றிய சட்டங்கள் பலவாகச் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒருங்கிணைத்து 2016-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பை இயற்றியது. கம்பெனிகளுக்குரிய அதன் பகுதிகள் அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தன. கடன் கொடுத்தவரோ கம்பெனியோ விண்ணப்பித்தால், தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதனை விசாரிக்கும். கம்பெனியின் பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில் உள்ளதோ, அதற்குரிய அமர்வே விசாரிக்கும். ஆந்திரத்திற்கு அமராவதி அமர்வும், தமிழ்நாட்டிற்குச் சென்னை அமர்வும் உள்ளன. தொழிற்சாலை சித்தூரில் இருந்தாலும் பதிவு அலுவலகம் மும்பையில் இருந்தால், வழக்கு மும்பையில்தான் நடைபெறும்.

தீர்ப்பாயம் விண்ணப்பத்தை ஏற்று ஆணையிடும் நாளே எல்லாவற்றிற்கும் அச்சாணி. அதனை நொடிப்புத் தொடக்க நாள் என்பர். அன்று முதல் கம்பெனியின் நிருவாகம் இயக்குநர்களின் கையை விட்டு நீங்கி, தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு அலுவலரிடம் வந்து சேர்கிறது. அன்று முதல் தடைக்காலமும் தொடங்குகிறது. கம்பெனிக்கு எதிரான வழக்குகளும், தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கைகளும் நின்றுவிடுகின்றன. "தொழிலாளர் நீதிமன்றத்தில் நம் வழக்கு இருக்கிறதே, அது போதாதா?" என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். அவ்வழக்கு நின்றுவிடும். முன்பே தீர்ப்புக் கிடைத்திருந்தால் அது நல்ல சான்றாகும். ஆயினும் தீர்வு அலுவலரிடம் உரிமையைத் தனியே எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

தீர்வு அலுவலர் தாம் நியமனம் பெற்ற 3 நாட்களுக்குள் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது விதி. அதில் காணும் கடைசித் தேதி, அவர் நியமனம் பெற்ற நாளிலிருந்து 14 நாட்கள். வங்கி முதலிய பணக்கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு படிவமும், சரக்கும் சேவையும் அளித்தவர்களுக்கு வேறொரு படிவமும், தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் தனிப் படிவமும் உண்டு. தொழிலாளர் பலராயின், அவர்களால் அதிகாரம் பெற்ற ஒருவர் அனைவருக்குமாகச் சேர்த்து ஒரே படிவம் கொடுக்கலாம். நேரிலோ, தபாலிலோ, மின்னஞ்சல் வழியாகவோ அனுப்பலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

ஓர் ஐயத்தை இங்கே தெளிவித்தல் நன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு முதல், ஒரு கம்பெனியின்மீது இந்நடவடிக்கையைத் தொடங்குவதற்குக் குறைந்தது 1 கோடி ரூபாய்க் கடன் தவறியிருக்க வேண்டும் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. "நமக்கு வரவேண்டியது சில ஆயிரந்தானே!" என்று தயங்குவோர், அவ்வரம்பு நடவடிக்கையைத் தொடங்குவதற்குத்தான் என்பதை அறிய வேண்டும். தொடங்கிய பிறகு, ஆயிரம் ரூபாய் வரவேண்டியவரும் உரிமை கோரலாம். இச்சட்டம் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க. கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலச் சட்டங்களின்படி கலைக்கப்படுகின்றன. 2002-இல் மூடப்பட்ட சித்தூர்க் கூட்டுறவுப் பால் பண்ணையின் கதையை அவ்வட்டாரத்தார் அறிவார்கள். 2023-இல் அதனைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டுவதற்குள் 20 ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன.

14 நாள் என்பது மிகக் குறுகிய காலம். ஆகவே தவறியவர்க்கு ஒரு சலுகையை விதிகள் வைத்திருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தப்படி, கடைசித் தேதிக்குள் கொடாதவர், நொடிப்புத் தொடக்க நாளிலிருந்து 90 நாட்கள் வரை உரிமை கோரலாம். அல்லது கம்பெனியை ஏற்று நடத்த முன்வருவோரிடம் தீர்வுத் திட்டம் கேட்டு வேண்டுகோள் வெளியிடப்படும் நாள் வரை கோரலாம். இவ்விரண்டில் எது பிந்தியதோ அது வரை. மார்ச்சு 1-ஆம் தேதி ஆணை பிறந்ததாகக் கொண்டால், 90-ஆம் நாள் மே 30-ஆம் தேதி ஆகும். அதற்கும் பின்னர் வருபவரின் நிலை கடினமானது. தீர்வு அலுவலர் அதனை ஆராய்ந்து ஏற்கத்தக்கது என்று கருதினாலும், கடன் கொடுத்தோர் குழுவின் பரிந்துரைக்கு அனுப்பித் தீர்ப்பாயத்தின் பிழைபொறுத்தலையும் பெற வேண்டும். திட்டத்தின்மீது குழு வாக்களிக்கக் கூடும் நாள் நெருங்கிவிட்டால் அவ்வழியும் அடைபடும்.

குளக்கரை நண்பருக்கு நான் முதலில் கணக்கிட்டுக் காட்டியது இதுவே. ஆணை பிறந்து 35 நாட்கள் ஆகியிருந்தன. 90 நாட்களில் இன்னும் 55 நாட்கள் எஞ்சியிருந்தன.

அவருடைய நிலைமையில் இன்னொரு நுட்பமும் இருந்தது. "ஆணை வந்த பிறகும் உங்களுக்கு வேலை இருந்ததா?" என்று கேட்டேன். "சீசன் பழம் வந்து இறங்கியிருந்தது சார். கைவசமிருந்த ஆர்டரை முடிக்க வேண்டுமென்று ஆபீசர் எங்களில் சிலரை வரச்சொன்னார். ஒரு மாதமாகப் பாய்லரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கும் இன்னும் சம்பளம் வரவில்லை" என்றார்.

அவருக்கு வரவேண்டியது ஒரு பாக்கி அன்று, இரண்டு. ஆணைக்கு முந்திய 7 மாதச் சம்பளம் பழைய கடன். ஆணைக்குப் பிந்திய ஒரு மாதச் சம்பளமோ, கம்பெனியை நடத்துவதற்காக ஏற்பட்ட நடைமுறைச் செலவு. சட்டம் இவ்விரண்டையும் வெவ்வேறு வரிசையில் வைத்திருக்கிறது. எந்தத் தீர்வுத் திட்டமாயினும் நடைமுறைச் செலவுகளை முதலில் தீர்க்க வேண்டும். கம்பெனி கலைக்கப்பட்டாலும் அவற்றிற்கே முதலிடம்.

இதனைக் கல்யாணப் பந்தியோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். சமைத்ததோ குறைவு, வந்தவரோ மிகுதி. முதற்பந்தியில் நடைமுறைச் செலவுக்கு உரியவர்கள் அமர்கிறார்கள். அடுத்த பந்தியில், கலைப்பு தொடங்குவதற்கு முந்திய 24 மாதங்களுக்கான தொழிலாளர் நிலுவையும், பிணையத்தை விட்டுக்கொடுத்த வங்கிகளின் கடனும் அருகருகே சம உரிமையுடன் அமர்கின்றன. தொழிலாளர் அல்லாத ஊழியர்களின் 12 மாத நிலுவை அதற்கடுத்தது. பிணையமில்லாத பணக்கடன், அரசுக்குரிய பாக்கி, ஏனைய கடன்கள் என்று வரிசை நீண்டு, பங்குதாரர் கடைசிப் பந்திக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் இலையே மிஞ்சும். வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளர்க்குச் சேர வேண்டிய தொகையோ இப்பந்திக்கே உரியதன்று. கலைப்புச் சொத்தில் அதனைச் சேர்க்கலாகாது என்று சட்டம் விலக்கி வைத்திருக்கிறது.

ஆணைக்குப் பிந்திய சம்பளம் முதற்பந்திக்கு உரியது என்றேன். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. குஜராத்தில் கப்பல் கட்டும் தளங்களை நடத்திவந்த ஏ.பி.ஜி. ஷிப்யார்டு என்னும் கம்பெனியின் தொழிலாளர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் இதனைத் தெளிவுபடுத்தியது. நடவடிக்கைக் காலத்தில் தீர்வு அலுவலர் கம்பெனியை உண்மையாகவே நடத்தியிருக்க வேண்டும். தொழிலாளரும் அக்காலத்தில் உண்மையாகவே வேலை செய்திருக்க வேண்டும். இவ்விரண்டும் மெய்ப்பிக்கப்பட்டால்தான் அச்சம்பளம் நடைமுறைச் செலவாகும். ஊழியர் பட்டியலில் பெயர் இருந்தது என்பது மட்டும் போதாது. ஆகவே ஆணைக்குப் பிறகு வேலைக்குச் செல்பவர், வருகைப் பதிவு, நுழைவுச் சீட்டு, அலுவலர் அனுப்பிய கடிதம் முதலியவற்றின் பிரதிகளை அன்றாடம் திரட்டி வைத்தல் வேண்டும். வேலை முடிந்த பிறகு அவற்றைத் தேடினால் கிடைப்பது அரிது.

அமெரிக்காவில் இம்முதற்பந்திக்கே ஒரு தனிக் காலவரை குறிக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே அவற்றை நிருவாகச் செலவுக் கோரல்கள் என்பர். பழைய கடனுக்கு ஒரு கடைசி நாளும், நிருவாகச் செலவுக்கு வேறொரு கடைசி நாளும் நீதிமன்ற ஆணையால் குறிக்கப்படும். திவால் மனு கொடுப்பதற்கு முந்திய 20 நாட்களுக்குள் வந்து சேர்ந்த சரக்கின் விலைக்கும் அச்சட்டம் இம்முன்னுரிமையை அளிக்கிறது. திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்பும் ஏற்றுமதியாளர்கள் அறிந்திருக்க வேண்டிய விதி இது. ஒரு நாளைத் தவறவிட்டால், முதற்பந்தியில் இருந்திருக்க வேண்டியவர் பந்தியே இல்லாமல் வெளியே நிற்க நேரும். முதற்பந்தியில் அமர்ந்தவர்க்கும் உடனே பரிமாறிவிடுவார்கள் என்பதற்கில்லை. சியர்ஸ் என்னும் பெரிய வணிக நிறுவனம் 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. அதன் திட்டத்திற்கு 2019 அக்டோபரில் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தும், அது நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில்தான்.

நம் நாட்டிற்கே திரும்புவோம். காலம் கடந்தவர் கதி என்ன? 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு இதற்கு விடை தருகிறது. தீர்வுத் திட்டத்தைத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டுவிட்டால், அத்திட்டத்தில் இடம்பெறாத கடன்கள் யாவும் அழிந்தொழிந்தனவாகும்; அவற்றிற்காகப் பின்னர் எவரும் வழக்குத் தொடரவோ தொடர்ந்து நடத்தவோ இயலாது. கம்பெனியைப் புதிதாக ஏற்பவர் துடைத்த பலகையோடு தொடங்க வேண்டும் என்பது இதன் தத்துவம். இல்லையேல், பழைய கடன்கள் என்றைக்கு எங்கிருந்து முளைக்குமோ என்று அஞ்சி, எவரும் நொடித்த கம்பெனியை ஏற்க முன்வரமாட்டார்கள். ஏற்பவர் இல்லையேல் வேலையும் இல்லை. காலவரை கடுமையாக இருப்பதன் நியாயம் இது.

"அறிவிப்பையே நான் பார்க்கவில்லையே!" என்று சொல்லலாமா? 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆர்.பி.எஸ். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் இவ்வாதமே எழுந்தது. உரிமை கோரிய நிறுவனம் 287 நாட்கள் தாமதித்திருந்தது. பத்திரிகையில் பொது அறிவிப்பு வெளிவந்துவிட்டால், வாணிகம் செய்யும் ஒரு நிறுவனம் அதனை அறிந்ததாகவே கருதப்படும் என்று கூறி, நீதிமன்றம் அதன் முறையீட்டை ஏற்க மறுத்தது. அது பெரிய நிறுவனத்தைப் பற்றிய தீர்ப்பு. எனினும், "பார்க்கவில்லை" என்ற சொல் எளிதில் எடுபடாது என்பதற்கு அது போதிய எச்சரிக்கை.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இதில்தான் பெரிய இடர் இருக்கிறது. அறிவிப்பு வெளிவருவது ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும், ஒரு வட்டாரமொழிப் பத்திரிகையிலும். பதிவு அலுவலகமும் தலைமை அலுவலகமும் உள்ள இடத்திலும், கம்பெனியின் முக்கியத் தொழில் நடைபெறுவதாகத் தீர்வு அலுவலர் கருதும் பிற இடங்களிலும் அது வெளியிடப்படும். சூரத்தில் அது குஜராத்தியில் வரும். புனேயில் மராத்தியில் வரும். சித்தூரில் தெலுங்கில் வரும். நம்மவர் பலர் அம்மொழிகளைச் செவியால் கற்றவர்கள். கண்ணால் கற்றவர்கள் அல்லர். சந்தையில் பேரம் பேசுவதற்குப் போதுமான மொழி, சட்ட அறிவிப்பைப் படிப்பதற்குப் போதுவதில்லை.

ஆதலின், சம்பளம் தவறத் தொடங்கிய கம்பெனியில் இருப்போர் சில முன்னேற்பாடுகளை மேற்கொள்வது நலம். முதலாவது, கம்பெனியின் முழுப் பெயரையும் பதிவு அலுவலகம் இருக்கும் ஊரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாயிற்பலகையில் உள்ள பெயரும் சட்டப் பெயரும் பல சமயம் வேறாக இருக்கும். சம்பளச் சீட்டில் சரியான பெயரைக் காணலாம். இரண்டாவது, இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் இணையத்தளத்தில் இப்பொது அறிவிப்புகள் யாவும் வெளியிடப்படுகின்றன. வாரத்திற்கு ஒரு முறையேனும் அப்பெயரை அங்கே தேடச் சொல்லுங்கள்; பள்ளியில் படிக்கும் பிள்ளைகூட இதனைச் செய்துவிடும். மூன்றாவது, நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிப் புத்தகம், வைப்பு நிதிக் கணக்கு எண் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். நான்காவது, பாக்கியை ஆணை நாளுக்கு முந்தியது, பிந்தியது என்று இரு கூறாகப் பிரித்து எழுதுங்கள். ஐந்தாவது, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்திருங்கள். தபால் ரசீதோ மின்னஞ்சலின் பிரதியோ போதும்.

படிவம் தவறாகிவிடுமோ என்று அஞ்சித் தாமதிக்க வேண்டா. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டா தொழில் வளர்ச்சி ஆணையம் தொடர்ந்த வழக்கில், உரிமைக்குத் தக்க சான்று இருக்குமாயின், வேறு படிவத்தில் கொடுத்தார் என்ற காரணத்திற்காக மட்டும் அதனைப் புறக்கணித்தல் தகாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. படிவப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். நாட்பிழையைத் திருத்துவது அரிது. ஆனால் தொகையை மிகைப்படுத்தி எழுதாதீர்கள். பொய்யான அல்லது திரித்த சான்று அளிப்பவர் தண்டனைக்கு உள்ளாவார் என்று அவ்வறிவிப்பிலேயே அச்சிட்டிருக்கும். ஈர உடையோடு நின்று செய்யும் சத்தியத்திற்கும், படிவத்தின் அடியில் இடும் உறுதிமொழிக் கையொப்பத்திற்கும் இவ்விஷயத்தில் வேற்றுமை இல்லை.

விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். எனவே நான் கூறிய நாட்கணக்கை வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியின் அறிவிப்பில் அச்சிட்டிருக்கும் தேதியே உங்களைக் கட்டுப்படுத்தும். ஐயம் நேர்ந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொழிற்சங்கம் இருப்பின் அதனையும் நாடலாம். தொழிலாளர் சார்பில் தொழிற்சங்கமே இச்சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் ஒரு சணல் ஆலை வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

குடியாத்தத்து நண்பர் என்னவானார் என்று கேட்பீர்கள். அன்று மாலையே அவர் சக தொழிலாளர் சிலரைக் கூட்டினார். தமக்குள் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து, அனைவரின் பாக்கியையும் ஒரே படிவத்தில் எழுதி, தெலுங்கு படிக்க அறியாமையால் அறிவிப்பை உணரவில்லை என்ற காரணத்தையும் காட்டி, பத்து நாட்களுக்குள் அனுப்பிவிட்டார்கள். உரிமை ஏற்கப்பட்டது. பாய்லரைக் காத்த நாட்களின் சம்பளம் முதலில் முழுமையாக வந்தது. பழைய 7 மாதப் பாக்கியில், திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகு, ஒரு பகுதி வந்தது. முழுவதும் வந்ததென்று நான் சொல்லமாட்டேன். நொடித்த கம்பெனியில் முழுவதும் வருவது அபூர்வம். வந்த தொகையைக் கொண்டு மகளின் நர்சிங் படிப்புக் கட்டணத்தைச் செலுத்தியதாகத் தொலைபேசியில் சொன்னார்.

ஆனால் இன்னொருவரைப் பற்றியும் அவர் சொன்னார். அதே கம்பெனியில் அவருக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். கதவு மூடியதும் மனம் வெறுத்துத் திருவண்ணாமலைப் பக்கத்துத் தம் ஊருக்குத் திரும்பிவிட்டவர். தொலைபேசி எண் மாறிப்போயிருந்ததால் அவருக்குச் செய்தி எட்டவில்லை. எட்டியபோது திட்டம் ஒப்புதல் பெற்றுவிட்டது. அவருடைய பாக்கி மற்றெவருடையதைக் காட்டிலும் குறைந்த உண்மையுடையதன்று. காணிப்பாக்கத்துச் சந்நிதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் சத்தியம் செய்யலாம். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அக்கடன் இல்லாத கடனாகிவிட்டது.

ஊரைவிட்டு ஊர் வந்து உழைக்கும் அன்பர்களே, உங்களுடன் வேலை செய்து ஊர் திரும்பியவர்களின் முகவரியைக் குறித்து வையுங்கள். நீங்கள் ஓர் அறிவிப்பைக் கண்டால் அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் ஒரு பத்திரிகைத் துண்டு கைக்கு வந்தால், "ஏதோ நோட்டீசு" என்று மடித்து வைக்காமல், படிக்கத் தெரிந்தவரிடம் அன்றே காட்டுங்கள்.

காணிப்பாக்கத்தின் ஓரமாக ஓடும் பாகுதா நதியைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. பசியால் ஒரு மாங்கனியைப் பறித்த குற்றத்திற்காகக் கைகளை இழந்த லிகிதர் என்னும் முனிவர், அந்நதியில் மூழ்கி எழுந்தபோது கைகளை மீண்டும் பெற்றாராம். இழந்த கரத்தை மீட்டுத் தந்த நதி அது. இழந்த நாளை அது எவருக்கேனும் மீட்டுத் தந்ததாக அத்தலத்தின் கதைகளில் நான் கேட்டதில்லை.